பினாங்கில் நிழல் இல்லாத நண்பகலும் வேறு சில கணக்குகளும்

வியாழக்கிழமை, இரவு

மலேசியாவில் ஒரு காசு நாணயம் புழக்கத்தில் இல்லை. 2008 ஏப்ரல் 1 முதல் கடைகளில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் விலைகளில் ஒரு காசு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நாணயமே இல்லாத காசை எப்படிக் கட்டுவது என்பதை, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் சாப்பிட்ட முதல் சாப்பாட்டின் ரசீதிலேயே பார்த்தேன்.

சித்தப்பா, சித்தி, அவர்கள் பேத்தி யாழினி, நான். சாப்பிட்டது 47 வெள்ளி 30 காசு. ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்பார்கள், சென் என்பது காசு. 6 விழுக்காடு வரி சேர்ந்து 50.14 ஆகியிருந்தது. அதற்குக் கீழே ‘ரவுண்டிங் 0.01’ என்று ஒரு வரி. கட்ட வேண்டியது 50.15.

“ஒரு காசு கூட வாங்கிட்டாங்களே சித்தப்பா.”

“நாளைக்கு இன்னொரு கடையில ரெண்டு காசு குறைச்சு வாங்குவாங்க. விடும்மா.”

வங்கியில் குப்பை கொட்டுகிறவளிடம் விடு என்றால் விடுவாளா? கைதுடைக்கும் தாளில் எழுதிப் பார்த்தேன். மொத்தத் தொகையின் கடைசி இலக்கம் 1, 2 என்றால் சுழியத்துக்கு இறங்கும். 3, 4 என்றால் 5க்கு ஏறும். 6, 7 என்றால் 5க்கு இறங்கும். 8, 9 என்றால் 10க்கு ஏறும். இறங்கும் காசுகளைக் கூட்டினால் 1+2+1+2, ஆறு. ஏறும் காசுகள் 2+1+2+1, அதுவும் ஆறு. எல்லா இலக்கமும் சம அளவில் வந்துகொண்டிருந்தால் யாருக்கும் லாபமில்லை, நட்டமும் இல்லை. சித்தப்பா சொன்னது சரிதான்.

ஆனால் இலக்கங்கள் சம அளவில் வருமா? பேரங்காடிக்காரர்களுக்கு 9 மேல் இருக்கும் பிரியம் ஊரறிந்தது. 99 காசு சோப்பு ஒன்று வாங்கினால் 1 வெள்ளி கட்ட வேண்டும், கடைக்கு ஒரு காசு லாபம். இரண்டு வாங்கினால் 1.98, அது 2 வெள்ளி ஆகும், கடைக்கு இரண்டு காசு. மூன்று வாங்கினால்தான் ஆட்டம் திரும்புகிறது: 2.97 இறங்கி 2.95 ஆகும், நமக்கு இரண்டு காசு. நான்கில் நமக்கு ஒரு காசு. ஐந்தில் சரிக்குச் சரி. அந்த மூன்று சோப்பையும் தனித்தனி ரசீதாகப் போட்டால் 3 வெள்ளி, ஒரே ரசீதாகப் போட்டால் 2.95. அட்டையில் கட்டினால் இந்தக் கதையே கிடையாது, 2.97 என்றால் 2.97தான்.

நம் ஊரில் சில்லறை இல்லை என்று மிட்டாயைத் திணிப்பதைவிட இது எவ்வளவோ நாகரிகம் என்றேன். யாழினிக்கு அந்த மிட்டாய்ப் பழக்கம்தான் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை

காலை ஏழு மணிக்குச் சன்னலைத் திறந்தால் இன்னும் சரியாக விடியவில்லை. 7:17க்குத்தான் சூரியன் எழுந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் சென்னையில் ஆறு மணிக்கே வெயில் வந்துவிடும். யாழினி அந்த இருட்டிலேயே சீருடை மாட்டிப் பள்ளிக்குப் போய்விட்டாள். பாவம், பிள்ளைகள்.

பசியாறப் போன ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் போடுகிறவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். (காலைச் சாப்பாட்டுக்குப் ‘பசியாறுவது’ என்கிறார்கள் இங்கே. கேட்டதும் எனக்கும் ஒட்டிக்கொண்டது.) கைக்குள் அடங்கும் மாவுருண்டையை எண்ணெய் தடவிய மேடையில் தட்டி, தூக்கி வீசி வீசி அகலப்படுத்துகிறார். உருண்டையின் கன அளவு 75 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வீசி முடிக்கும்போது குறுக்கே ஏறத்தாழ அரை மீட்டர். அந்த வட்டத்தின் பரப்பு 1,960 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். வகுத்தால் மாவின் தடிமன் 0.4 மில்லிமீட்டருக்கும் கீழே வருகிறது. குறுக்களவு இரண்டு மடங்கானால் தடிமன் நான்கில் ஒன்றாகும், அதனால்தான் கடைசி இரண்டு வீச்சில் மாவு திடீரென்று கண்ணாடியாகிறது, கற்றுக்கொள்கிறவர்களுக்கு அங்கேதான் கிழிகிறது. மாஸ்டரிடம் தடிமனைச் சொன்னேன். “அப்படியா? முட்டை போடவா வேணாமா?” என்று கேட்டார்.

சரி, இன்றைய முக்கிய வேலைக்கு வருகிறேன். பினாங்கு வட அட்சரேகை 5.4 பாகையில் இருக்கிறது. சூரியன் வடக்கே நகர்ந்து வரும்போது ஏப்ரல் 3, 4 வாக்கிலும், தெற்கே திரும்பும்போது செப்டம்பர் 9 வாக்கிலும் இந்த ஊரின் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நான் விடுமுறை எடுத்ததே இந்தத் தேதியைப் பார்த்துத்தான். சித்தியிடம் மட்டும் சொல்லவில்லை, அவரைப் பார்க்க வந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உச்சி வேளை என்றால் 12 மணிதானே? இங்கே இல்லை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுற்றுகிறது, அதாவது ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். மலேசியக் கடிகாரம் கிழக்கு 120 பாகைத் தீர்க்கரேகைக்கு ஏற்ப வைத்தது. பினாங்கு இருப்பதோ 100.3 பாகையில். இடையே 19.7 பாகை, நான்கால் பெருக்கினால் 79 நிமிடம். பூமியின் பாதை சரியான வட்டமில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது, அதனால் இந்த வாரத்தில் இன்னொரு மூன்று நிமிடத் தாமதம். ஆக, பினாங்கில் இன்று உச்சி வேளை பகல் 1:22. சென்னையில் இதே கணக்கைப் போட்டால் 12:12 வரும். இந்தியக் கடிகாரத்தின் 82.5 பாகைக்குச் சென்னை வெகு அருகில் இருக்கிறது.

“முன்னே இவ்வளவு மோசம் இல்ல” என்றார் சித்தப்பா. உண்மைதான். தீபகற்ப மலேசியா முன்பு கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முந்தி இருந்தது. சபா, சரவாக்கோடு நாடு முழுக்க ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 சனவரி 1 அன்று அரை மணி முன்னே தள்ளி, எட்டு மணி ஆக்கினார்கள். அந்த அரை மணிதான் யாழினியை இருட்டில் எழுப்புகிறது.

ஒரு மணிக்கே எஸ்பிளனேட் புல்வெளிக்குப் போய்விட்டோம். சித்தப்பா குடைக்குள், நான் வெயிலில். 1:22க்குப் பார்த்தால் என் நிழல் என் காலடிக்குள் சுருண்டுகிடந்தது. குடையின் நிழல் குடைக்கு நேர் கீழே ஒரு முழு வட்டம். குப்பைத்தொட்டி, விளக்குக் கம்பம், வேலிக் கம்பி, எதற்கும் பக்கவாட்டில் நிழல் இல்லை. தரையில் ஒட்டாமல் மிதக்கிற பொருட்களாகத் தெரிந்தன. இரண்டு நிமிடம்தான் இந்தக் கூத்து.

முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தபடி சென்னையில் அக்கா தன் உச்சி வேளைக்கு மொட்டைமாடியில் ஒரு மீட்டர்க் குச்சியை நட்டு நிழலை அளந்து அனுப்பினாள். 13 சென்டிமீட்டர் சொச்சம். ஒரு மீட்டருக்கு 13.5 சென்டிமீட்டர் நிழல் விழுந்தால் சூரியன் உச்சியிலிருந்து 7.7 பாகை விலகியிருக்கிறது என்று பொருள். சென்னை 13.1 பாகை, பினாங்கு 5.4 பாகை, கழித்தால் அதே 7.7. வடக்கு தெற்காக இந்த இரண்டு ஊர்களுக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 855 கிலோமீட்டர். 7.7 பாகைக்கு 855 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? 40,000 கிலோமீட்டருக்கு ஒட்டி வரும், அதுதான் பூமியின் சுற்றளவு. எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு செய்தது இதைத்தான். அவருக்கு வாட்ஸ்அப் இல்லை, கோடைச் சூரியன் உச்சியில் நிற்கும் ஊர் ஒன்று தெற்கே இருப்பது மட்டும் தெரிந்திருந்தது.

உச்சியிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளிப் போனால் சூரியன் 45 பாகை சரிந்திருக்கும், மூன்று பதினைந்து நாற்பத்தைந்து. 45 பாகையில் எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்துக்குச் சமம். அதாவது மாலை 4:22க்கு இந்த ஊரில் ஏணி இல்லாமலே எதன் உயரத்தையும் அளக்கலாம். (நம் ஊரில் டிசம்பரில் இந்தக் கணக்கு இப்படி நேராக வராது. சூரியன் தலைக்கு மேல் வரும் நாட்களில்தான் இந்தச் சுகம்.)

அளக்க எடுத்துக்கொண்டது கோட்டை முனையில் இருக்கும் விக்டோரியா மணிக்கூண்டு. 1897இல் ராணியின் ஆட்சிக்கு 60 ஆண்டு நிறைந்ததற்காகச் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் கட்டித் தந்தது, ஆண்டுக்கு ஓரடி வீதம் 60 அடி. கட்டி முடிப்பதற்குள் 1902 ஆகிவிட்டது, ராணி அதற்கு முந்தைய ஆண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். என் ஓர் எட்டு இரண்டரை அடி. ஆக 24 எட்டு வர வேண்டும். கூண்டின் விளிம்பிலிருந்து இல்லை, அதன் நடுவிலிருந்து எண்ண வேண்டும் என்பதால் அடித்தளத்தின் பாதி அகலத்தைக் கூட்டிக்கொண்டேன். வண்டிகள் விடும் இடைவெளியில் ஓடி ஓடி எண்ணியதில் 24க்கும் 25க்கும் நடுவே வந்தது. சரியாக எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. சூரியன் புள்ளியில்லை, அரைப் பாகை அகலத் தட்டு, அதனால் இவ்வளவு உயரத்திலிருந்து விழும் நிழலின் நுனி ஓரடிக்கு மேல் மங்கிப் போயிருக்கும். போதாததற்கு இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளால் கூண்டு லேசாகச் சாய்ந்தும் இருக்கிறது.

திரும்பும் வழியில் கொம்தார். 65 மாடியாகக் கட்டிய கோபுரம், பன்னிரண்டு பக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் உருளை என்றே தோன்றும். ஒரு வட்டத்துக்குள் பன்னிரண்டு சமபக்கம் வரைந்தால் அதன் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் போல் சரியாக 3 மடங்கு. பை போல் இழுத்துக்கொண்டே போகாது, துல்லியமாக 3. நடுவிலிருந்து பன்னிரண்டு முக்கோணமாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஆர வர்க்கத்தில் கால், பன்னிரண்டு கால் மூன்று. முழு வட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இடம் கிடைத்துவிடுகிறது, சுவரும் சன்னலும் மட்டமாகவே இருக்கலாம். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சித்தப்பாவுக்குப் பேருந்து வந்துவிட்டது.

சனிக்கிழமை

சித்தப்பா வீடு அடுக்ககத்தில் பதிமூன்று ‘ஏ’ மாடி. பதினான்குதான், ஆனால் நான்கு என்பது சீனர்களுக்கு ஆகாத எண் என்பதால் மின்தூக்கியில் 3க்குப் பிறகு 3ஏ, 13க்குப் பிறகு 13ஏ.

வாசலில் இடம் கொஞ்சம்தான். சித்தி அதிலும் கோலம் போடுகிறார். இன்று மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகப் போய், ஓரத்தில் வளைந்து திரும்பும் சிக்குக் கோலம். கையை எடுக்காமல் ஒரே கம்பியில் முடித்துவிட்டார். யாழினி தானும் போடுகிறேன் என்று நாலுக்கு நாலு புள்ளி வைத்தாள். கம்பி சீக்கிரமே தொடங்கிய இடத்துக்கு வந்து மூடிக்கொண்டது, சில புள்ளிகள் சும்மா நின்றன. இன்னொரு கம்பி தொடங்கினாள், அதுவும் மூடிக்கொண்டது. கடைசியில் நாலு கம்பி.

“நீ வைக்கிற கை சரியில்ல” என்றார் சித்தி.

கை சரிதான், புள்ளிதான் காரணம். இப்படி நேர்வரிசையில் புள்ளி வைத்துப் போடும் சிக்குக் கோலத்தில் எத்தனை கம்பி வரும் என்பது வரைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வரிசை எண்ணிக்கைக்கும் வரிசைக்குள் இருக்கும் புள்ளி எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கம்பி. மூன்றுக்கும் நான்குக்கும் 1. நான்குக்கும் ஆறுக்கும் 2. நாலுக்கு நாலு என்றால் 4.

ஏன் என்று கேட்டாள். கேட்டது நல்லது, ஏனென்றால் எனக்கு இந்த ஊரில் கேட்க வேறு ஆளில்லை. கம்பியைக் கேரம் பலகையில் சாய்வாக அடித்த காய் மாதிரி நினைத்துக்கொள்ளச் சொன்னேன். பக்கத்தில் மோதித் திரும்பும், மேலே மோதித் திரும்பும், நிற்காது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நான்கு சிறு துண்டு. நான்குக்கு ஆறு கோலத்தில் 24 புள்ளி, ஆக 96 துண்டு. காய் கிளம்பிய இடத்துக்கே, கிளம்பிய திசையிலேயே திரும்ப வேண்டுமானால் அகலப் போக்குவரத்தும் உயரப் போக்குவரத்தும் ஒரே சமயத்தில் முடிய வேண்டும். அது எப்போது? நான்குக்கும் ஆறுக்கும் மீச்சிறு பொது மடங்கு 12, அதை நான்கால் பெருக்கினால் 48 துண்டு போன பிறகு. 96இல் ஒரு கம்பி 48ஐத் தின்றுவிட்டால் மிச்சத்துக்கு இன்னொரு கம்பி. இரண்டு எண்ணின் பெருக்கலை மீச்சிறு பொது மடங்கால் வகுத்தால் மீப்பெரு பொதுக் காரணி என்று ஐந்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அந்தச் சூத்திரம்தான் தரையில் மாவாகக் கிடக்கிறது.

சித்தி காதில் வாங்கிக்கொண்டிருந்தார் போல. “பக்கத்துப் பக்கத்து எண்ணா வெச்சா ஒரே கம்பி வரும்னு எங்கம்மா சொல்லும். அஞ்சுக்கு ஆறு, ஆறுக்கு ஏழு.” அடுத்தடுத்த இரண்டு எண்ணுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. பாட்டிக்குச் சூத்திரம் தேவைப்படவில்லை.

மாலையில் லிட்டில் இந்தியா. மார்க்கெட் தெரு, பினாங்குத் தெரு, குயின் தெரு. குயின் தெரு மாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, அப்புறம் நகைக்கடைகள். எல்லாக் கடைக் கண்ணாடியிலும் 916. 24 பங்கில் 22 பங்கு தங்கம், 22ஐ 24ஆல் வகுத்தால் 0.9166. பத்து கிராம் சங்கிலியில் 9.16 கிராம் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். சித்தப்பா இந்தத் தெருவில் நகைக்கடைக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். “இதெல்லாம் பெரிய கணக்கு இல்லம்மா, பழைய நகையை மாத்துறப்ப சேதாரம்னு கழிப்பாங்க பாரு, அதுதான் கணக்கு” என்றார். மேற்கொண்டு சொல்லச் சொன்னால் சிரிப்பு மட்டும்தான்.

பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு மேசை, அவ்வளவுதான் வங்கி. என் தொழிலுக்கு இவர்கள்தான் முன்னோர்கள் என்பதால் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். நம் ஊர்ப் பேச்சில் ‘ஒரு வட்டி’ என்றால் நூறுக்கு மாதம் ஒரு ரூபாய். ஆண்டுக்கு 12 விழுக்காடு. வட்டியை மாதாமாதம் வாங்கிச் செலவழித்துவிட்டால், வாங்கிய வட்டி முதலுக்குச் சமமாக 100 மாதம் ஆகும். வாங்காமல் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால் 70 மாதத்தில் பணம் இரட்டித்துவிடும். அந்த 30 மாத வித்தியாசத்தில்தான் பல குடும்பங்கள் நிமிர்ந்தன, பல குடும்பங்கள் விழுந்தன.

இரட்டிப்புக்கு மனக்கணக்கு ஒன்று உண்டு: 72ஐ வட்டி விகிதத்தால் வகுக்க வேண்டும். ஆண்டுக்கு 12 என்றால் 6 ஆண்டு, ‘இரண்டு வட்டி’க்கு 3 ஆண்டு. வைப்புத்தொகைக்கு 3 விழுக்காடு கொடுக்கும் வங்கியில் 24 ஆண்டு (எங்கள் வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை). திரும்பி வரும் வழியில் விளக்குக் கம்பங்களில் ‘உடனடிக் கடன்’ ஒட்டுத்தாள்கள். ஆலோங் எனப்படும் கள்ள வட்டிக்காரர்களுடையவை. மாதம் 10 விழுக்காடு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 72ஐ 10ஆல் வகுத்தால் ஏழு மாதத்தில் கடன் இரட்டிப்பு. ஓர் ஆண்டில் 1,000 வெள்ளி 3,138 ஆகியிருக்கும். யாழினி இதை நம்பவில்லை, கைப்பேசியில் 1.1ஐப் பன்னிரண்டு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டு அந்த ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். நல்ல பெண்.

ஞாயிற்றுக்கிழமை

பினாங்கு மலை. ஞாயிறன்று போகக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள், போனோம், மலை ரயிலுக்கான வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. ஆனால் வரிசையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வகுத்தால் போதும். பெட்டியில் நூறு பேர் ஏறலாம். ஒரு பெட்டி கிளம்பி அடுத்தது கிளம்ப 12 நிமிடம் ஆவதைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டேன். மணிக்கு 500 பேர். எங்களுக்கு முன்னால் ஏறத்தாழ 300 பேர். 36 நிமிடம். தேநீர் குடித்துவிட்டு வர நேரம் இருக்கிறது என்று சித்தப்பாவை அனுப்பினேன். எங்கள் முறை வந்தபோது அவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தார்.

இந்த மலை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. அப்போது இரண்டு பகுதி, பாதி மலையில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். 2011இல் புதுப்பித்த பிறகு ஒரே மூச்சில் மேலே போகிறது. ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பெட்டி. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். ஒற்றைத் தண்டவாளத்தில் நடுவில் மட்டும் ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்து சேர்கிறது. இரண்டும் ஒரே வடத்தில் கட்டியவை என்பதால் சந்திப்பு எப்போதும் அந்த நடு இடத்திலேயே நடக்கும், ஓட்டுநர் நினைத்தாலும் மாற்ற முடியாது. மோட்டார் இழுக்க வேண்டியது பெட்டியின் எடையை இல்லை, இரு பெட்டிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். மேலே போகிற பெட்டியில் 100 பேர், கீழே வருவதில் 80 பேர் என்றால், உராய்வை விட்டுவிட்டால், மோட்டாருக்கு 20 பேரின் சுமை.

தண்டவாளம் 2 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு, ஏறும் உயரம் ஏறத்தாழ 700 மீட்டர். நூறு மீட்டர் ஓடினால் 35 மீட்டர் உயரம், சராசரிச் சாய்வு 20 பாகை. மிகச் செங்குத்தான இடத்தில் சாய்வு 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்.

“50 விழுக்காடுன்னா 45 பாகைதானே அத்தை? 100 விழுக்காடு நேரா மேல.”

இப்படி நினைக்காதவர்கள் குறைவு. விழுக்காடு என்பது கிடையாக 100 மீட்டர் போனால் எவ்வளவு உயர்கிறோம் என்பது. 50 உயர்ந்தால் 50 விழுக்காடு, அது 26.6 பாகைதான். 100க்கு 100 உயர்ந்தால் 45 பாகை. நேர் செங்குத்துக்கு விழுக்காடே சொல்ல முடியாது, கிடைத் தூரம் சுழியம், சுழியத்தால் வகுக்க முடியாது. யாழினி சன்னலில் கைப்பேசியைச் சாய்த்து அளந்து பார்த்துவிட்டு, “20தான் காட்டுது லா, பயம் மட்டும் 60க்கு வருது” என்றாள்.

மேலே குளிர்ச்சியாக இருந்தது. ஆயிரம் மீட்டருக்கு வெப்பநிலை ஆறரை பாகை செல்சியஸ் குறையும், 700க்கு நான்கரை. கணக்கு சிறியது, சட்டை உலர்ந்ததில் தெரிந்தது. எவ்வளவு தூரம் பார்க்கலாம் என்பதற்கும் ஒரு மனக்கணக்கு: நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து 13ஆல் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும், தொடுவானம் அத்தனை கிலோமீட்டர். 700 பெருக்கல் 13, 9,100. வர்க்கமூலம் 95. கடற்கரையில் நின்று பார்க்கும் ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர் கூடத் தேறாது. 95 கிலோமீட்டர் பார்க்க வானம் தெளிவாக இருக்க வேண்டும், அது கணக்கில் வராது. எங்களுக்கு வாய்த்தது கெடாப் பக்கம் 44 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஜெராய் மலையின் மங்கிய முதுகு, கீழே இரண்டு பாலங்கள், அவ்வளவுதான். ஐஸ் கச்சாங் என்ற ஐஸ் துருவல் இனிப்பு நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை

தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்தில் கோலாலம்பூர் ரயிலைப் பிடிக்க வேண்டும். ஒன்பதேகாலுக்குக் கிளம்பலாம் என்றார் சித்தி. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது, அது முடியட்டும் என்று. சுவரில் தொங்கிய நாட்காட்டி தமிழ்நாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்தது.

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் பார்ப்பது என்று ஆகிவிட்டால் சரியாகப் பார்க்க வேண்டாமா? சூரியன் எழுவது முதல் மறைவது வரை உள்ள நேரத்தை எட்டாகப் பகிர்ந்து, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். திங்களுக்கு இரண்டாம் பங்கு. நாட்காட்டி ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டும் என்று வைத்துக்கொள்கிறது, அதனால் பங்குக்கு ஒன்றரை மணி, இரண்டாம் பங்கு ஏழரைக்குத் தொடங்கும். பினாங்கிலோ இன்று விடிந்தது 7:16க்கு. ஏழரைக்கு முதல் பங்கே கால் மணி நேரம்தான் போயிருக்கும். பகல் பொழுது 12 மணி 10 நிமிடம், எட்டால் வகுத்தால் 91 நிமிடம். ராகு காலம் 8:47 முதல் 10:18 வரை. சித்தி குறித்துத் தந்த ஒன்பதேகால் அதன் நட்ட நடுவுக்குச் சற்று முன்னால்.

சித்தி நாட்காட்டியைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். “நாப்பது வருஷமா அப்ப தப்பாவா பாத்துக்கிட்டிருந்தேன்?”

“அதான் என்னைக் கட்டிக்கிட்டே” என்றார் சித்தப்பா.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. பகலின் நீளம் ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறாது, பினாங்கில் விடிவது எப்போதும் ஏழுக்கும் 7:40க்கும் நடுவேதான். அதனால் ஊர் நாட்காட்டியில் போட்டிருக்கும் நேரத்தோடு ஒன்றேகால் மணி கூட்டிக்கொண்டால் எந்த மாதமும் பெரிய பிசகு வராது. இதைச் சித்தி நாட்காட்டியின் மேலேயே எழுதிவைக்கச் சொன்னார். எழுதிவிட்டு, எட்டரைக்கே கிராப் வண்டியில் ஏறிவிட்டேன்.

பாலத்தில் சுங்கச் சாவடி நம் திசையில் இல்லை. 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர்ப் பாலத்திலும், 2014இல் திறந்த 24 கிலோமீட்டர்ப் பாலத்திலும் தீவுக்குள் வருகிறவர்களிடம் மட்டும் வாங்குகிறார்கள். உள்ளே வந்த வண்டி என்றாவது வெளியே போய்த்தான் ஆக வேண்டும், ஆகவே ஒருமுறை வாங்கினால் போதும், நிற்கும் வரிசை பாதியாகிறது. இது வேலை செய்வது இரண்டு பாலமும் ஒரே திசையில் வாங்குவதால்தான். ஒன்றில் வரும்போதும் மற்றதில் போகும்போதும் என்று வைத்திருந்தால் ஊரே ஒன்றில் சும்மா வந்து மற்றதில் சும்மா போயிருக்கும்.

பாலத்தின் நடுவே நெரிசல். ஓட்டுநர் வானொலியில் மூழ்கிவிட, நான் வண்டி எண்களைப் பார்த்தேன். பினாங்கு வண்டிகள் ‘பி’யில் தொடங்கும். மேற்கொண்டு வரும் எழுத்துகளில் ஒன்றும் சுழியமும் போல் தெரியும் ‘ஐ’, ‘ஓ’ கிடையாது, ‘இசட்’ ராணுவத்துக்கு. மிச்சம் 23 எழுத்து. மூன்றெழுத்து எண்ணில் 23 பெருக்கல் 23 பெருக்கல் 9,999, ஏறத்தாழ 53 லட்சம் வண்டி கொள்ளும். அடுத்த கேள்வி, 1 முதல் 9,999 வரை நான்கு இல்லாத எண்கள் எத்தனை? ஒவ்வொரு இடத்திலும் ஒன்பது இலக்கமே வரலாம், ஒன்பதை நான்கு தடவை பெருக்கி, சுழியம் என்ற ஒன்றைக் கழித்தால் 6,560. மீதி 3,439இல் எங்காவது ஒரு நான்கு இருக்கும். மூன்று வண்டியில் ஒன்றுக்குச் சற்று மேல். நெரிசலில் கண்ணுக்கு எட்டியவரை எண்ணியதில் அவ்வளவு தேறவில்லை. நான்கு வேண்டாம் என்று பணம் கட்டி வேறு எண் வாங்குகிறவர்கள் கணக்கைக் கெடுத்திருக்கலாம், அல்லது நான் எண்ணியது போதாமல் இருக்கலாம். இன்னும் நூறு வண்டி பார்க்கலாம் என்றால் நெரிசல் கலைந்துவிட்டது. ஓட்டுநரிடம் அவர் வண்டி எண்ணைக் கேட்டேன். இரண்டு நான்கு. மலிவாகக் கிடைத்ததாம்.